முன் சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் கேலிப்பரை மாற்றுவதா, கழற்றிக் கழுவுவதா?

கேள்வி இது: 150 சிசி பைக், நான்கு வருடம் ஆகிறது, 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன் டிஸ்க்கில் இரண்டு பிஸ்டன் கேலிப்பர், முன்பக்கம் மட்டும் ஏபிஎஸ். குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்குத் தினமும் ஓட்டம். போன வாரம் ஏலகிரி போய் இறங்கியதிலிருந்து முன் சக்கரம் லேசாகப் பிடித்தபடியே இருக்கிறது. டிஸ்க் கை வைக்க முடியாத சூடு, தீய்ந்த வாடை வேறு. மெக்கானிக் “கேலிப்பர் போச்சு, செட்டா மாத்திடலாம்” என்கிறார். வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். மாற்றச் சொன்னவர் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்பதை மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது இரண்டு பேடுகளால் (உராய்வுக் கட்டைகளால்) டிஸ்க்கைக் கவ்விப் பிடிப்பதுதான் கேலிப்பர். உங்கள் வண்டியில் இருப்பது பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உள்ள, மிதக்கும் வகைக் கேலிப்பர். அதில் அசைகிற சமாச்சாரம் இரண்டே இரண்டு. ஒன்று, பிஸ்டன் தன் குழிக்குள் முன்னும் பின்னும் போய்வருவது. இன்னொன்று, கேலிப்பர் உடம்பு மொத்தமும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் பக்கவாட்டில் நகர்வது. இந்த இரண்டும் தடையில்லாமல் நடந்தால் கேலிப்பர் நல்ல கேலிப்பர், வெளியே எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி. இரண்டில் ஒன்று இறுகினாலும் நீங்கள் சொன்ன அத்தனை தொல்லையும் வரும். ஆகவே சுத்தம் செய்வது என்றால் பளபளப்பாக்குவது அல்ல, இந்த இரண்டு அசைவையும் மீட்பது.

பிஸ்டனைப் பின்னால் இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது என்பது பலருக்கும் தெரியாது. பிஸ்டனைச் சுற்றி, குழியின் சுவரில் வெட்டிய பள்ளத்தில், சதுர வெட்டு உள்ள ஒரு ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கும். லெவரை அழுத்தும்போது பிஸ்டன் முன்னே போகும். சீல் அதைக் கவ்வியபடியே சற்றுச் சாய்ந்து கொடுக்கும். லெவரை விட்டதும் சீல் நிமிரும், நிமிரும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். அந்தப் பின்வாங்கல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். ஆனால் சக்கரம் ஃப்ரீயாகச் சுற்றுவதற்குக் கிடைக்கிற மொத்த இடமும் அந்தச் சிறு பங்குதான். பிஸ்டனின் வெளிப்பக்கம் மண் ஒட்டி உலர்ந்தாலோ, சீல் பள்ளத்துக்குள் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துச் சீலைப் பின்னாலிருந்து நெருக்கினாலோ, சீல் நிமிர முடியாது. பிஸ்டன் போன இடத்திலேயே நிற்கும், பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு, சூட்டில் ரப்பர் இன்னும் விறைக்கும்.

நம் பக்கத்தில் இதற்குத் தீனி அதிகம். “தண்ணீர் இல்லாத ஆறு” என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அந்த வறண்ட பாலாற்றின் பொடிமணல் கோடைக் காற்றில் சாலைக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதே பொடி சேறாகிக் கேலிப்பருக்குள் போய்க் காய்கிறது. அடுத்து போர் தண்ணீர். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வரிசையில் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. உப்பு நீரில் வண்டியைக் கழுவி அப்படியே உலரவிட்டால் பிஸ்டன் ஓரத்தில் உப்பு தங்கும். அலுமினியக் கேலிப்பருக்கு அது ஆகாது. வாட்டர் சர்வீஸ் கடையில் கீழ்ப்பகுதிக்கு டீசல் தெளித்துக் கழுவுகிற பழக்கம் இருந்தால், பிரேக் பக்கம் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரேக்கில் இருக்கிற ரப்பர் டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் எது பட்டாலும் ஊதும். ஊதிய சீல் பழைய அளவுக்குத் திரும்பாது.

கழற்றுவதற்கு முன் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். மெயின் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, முன் சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். கையால் சுற்றினால் லேசான சரசரப்போடு ஒன்றிரண்டு சுற்றாவது வரவேண்டும். அடுத்து லெவரை நன்றாக அழுத்தி விடுங்கள், மறுபடி சுற்றுங்கள். இப்போது சக்கரம் முரண்டு பிடிக்கிறது என்றால், கேலிப்பரில் ஆயிலை வெளியே விடத் திறக்கிற பிளீடு நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூடுங்கள். நாலு சொட்டு வரும். மூடிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

அந்த நாலு சொட்டு வந்ததும் சக்கரம் விட்டுவிட்டால் கேலிப்பர் குற்றவாளி அல்ல. மேலே எங்கேயோ அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது: லெவரை ஒட்டி ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் ஊசித்துளை அடைத்திருக்கலாம், லெவருக்கு ஃப்ரீ பிளே (தொடக்கத்தில் சும்மா அசைகிற சிறு இடம்) இல்லாமல் இருக்கலாம், ஹோஸ் (ஆயில் போகிற குழாய்) உள்ளுக்குள் ஊதியிருக்கலாம். இந்த நிலையில் புதுக் கேலிப்பர் வாங்கிப் போட்டாலும் இரண்டாம் நாள் அதே கதைதான். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால்தான் பிஸ்டன் அல்லது ஸ்லைடு பின்.

அந்த இரண்டில் எது என்பதைப் பேட் சொல்லும். பிஸ்டன் பக்கத்துப் பேட் நன்றாகத் தேய்ந்து, எதிர்ப்பக்கத்துப் பேட் அப்படியே இருந்தால் கேலிப்பர் நகரவில்லை, அதாவது ஸ்லைடு பின் இறுகிவிட்டது. ஒரே பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரித் தேய்ந்திருந்தால், ஒரு பின் மட்டும் இறுகியிருக்கிறது அல்லது இரண்டு பிஸ்டனில் ஒன்று சோம்பேறியாகிவிட்டது. இரண்டு பேடும் சமமாகத் தேய்ந்து, ஆனாலும் உரசினால் முதல் சந்தேகம் பிஸ்டன் மேல்.

வாங்கி வைக்க வேண்டியவை

டாட் 4 பிரேக் ஆயில், சீல் உடைக்காத 250 மில்லி பாட்டில் ஒன்று. முன் பிரேக்கை முழுவதும் மாற்ற 100 முதல் 150 மில்லி போதும். வண்டியின் ஹேண்டில்பாரில் இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 என்று போட்டிருந்தால் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் ஊற்றக் கூடாது, அது சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு சேராது. பிறகு ஒரு டப்பா பிரேக் கிளீனர் ஸ்பிரே, சிறு டியூப் சிலிக்கான் கிரீஸ், ஹோஸைக் கேலிப்பரோடு இணைக்கிற பாஞ்சோ போல்ட்டுக்கு இரண்டு காப்பர் வாஷர், மீன் தொட்டிக்கு விற்கிற உள்விட்டம் 5 மி.மீ. ட்ரான்ஸ்பரன்ட் டியூப் ஒரு மீட்டர், 20 மில்லி சிரிஞ்சு, பழைய டூத் பிரஷ் இரண்டு, பழைய ஷூ லேஸ், 8 முதல் 10 மி.மீ. தடிமனில் மரச் சட்டம், சி-கிளாம்ப். ஸ்பேனரில் 8, 12, 14 ரிங், அலன் கீயில் 5 மி.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு வேலை நடந்துவிடும். நிப்பிளுக்கு ஓப்பன் ஸ்பேனர் போடவே கூடாது, முனை வழுக்கிவிடும்.

சீல் செட்டை முன்கூட்டியே வாங்கி வைப்பதா என்று கேட்டால், 38,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு வாங்கியே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கேலிப்பரைப் பிரித்துப் போட்டுவிட்டு ஸ்பேர்ஸ் கடை ஷட்டரைப் பார்த்து நிற்பதைவிட அது மேல். எஞ்சின் நம்பர், வருடம் சொல்லி உங்கள் மாடலுக்கு உரியதையே கேளுங்கள். பாக்கெட் இல்லாமல் டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுக்கிற ரப்பர் வேண்டாம்.

முதல் சுற்று: ஆயில் லைனைத் தொடாமல்

முக்கால்வாசி வேலை இதிலேயே முடிந்துவிடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் ஒருமுறையும் செய்தால் அடுத்த சுற்றுக்கு அவசியமே வராமல் பல வருடம் ஓட்டலாம்.

வண்டி ஆறியிருக்க வேண்டும். டேங்க் மேல் ஈரத்துணி விரியுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றினால் போய்விடும். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, சிரிஞ்சால் மூன்றில் ஒரு பங்கு ஆயிலை எடுத்துவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே ஏறி வழியாமல் இருக்கத்தான். அந்த மூடியின் இரண்டு நட்சத்திர ஸ்குரூவும் மெத்தென்ற உலோகம்; பொருத்தமான ஸ்குரூ டிரைவரை வைத்து, தலையில் ஒரு தட்டுத் தட்டி, அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள்.

கேலிப்பர் இன்னும் ஃபோர்க்கில் இருக்கும்போதே பேடுகளைத் தாங்குகிற பேட் பின்னை அரைச் சுற்று லூஸ் செய்துகொள்ளுங்கள். கழற்றியபின் கையில் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பப் பார்த்தால் அலன் கீ வழுக்கி, குழி வட்டமாகிவிடும். சில வண்டிகளில் பின்னுக்கு மேல் ஒரு சிறு மூடி ஸ்குரூ இருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும். பிறகு இரண்டு மவுண்டிங் போல்ட்டையும் எடுத்து, கேலிப்பரை டிஸ்க்கிலிருந்து பின்பக்கமாக உருவுங்கள். ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஒரு கயிற்றால் ஃபோர்க்கில் கட்டிவிடுங்கள். போனில் நாலு பக்கமும் படம் எடுத்த பிறகு பேட் பின்னை உருவி, பேடுகளையும் பேட் ஸ்பிரிங்கையும் எடுங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது என்பது மாட்டும்போது நிச்சயம் மறந்துபோகும். எந்தப் பேட் எந்தப் பக்கம் என்று முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கிற கருப்புப் பொடியை வாயால் ஊதவோ பஞ்சர் கடை ஏரால் அடிக்கவோ வேண்டாம், நுரையீரலுக்குத்தான் போகும். சோப்புத் தண்ணீரில் நனைத்து டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற கேன் தண்ணீர் அரை லிட்டர் ஒதுக்குங்கள்.

இப்போது ஸ்லைடு பின். கேலிப்பரையும் அதன் பிராக்கெட்டையும் எதிரெதிராக இழுத்தால் இரண்டு பின்னும் ரப்பர் உறையிலிருந்து கழன்று வரும். நல்ல நிலையில் இரண்டு விரலால் நகரும். உங்களுடையது பல்லைக் கடித்து இழுக்க வேண்டியிருந்தால் பாதிக் குற்றம் கண்டுபிடித்தாயிற்று. பழைய கிரீஸ் பழுப்பாகி மெழுகு போல் ஆகியிருக்கும். பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள், துளைக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டு அழுக்கு வராத வரை சுற்றுங்கள். பின்னில் மேலோட்டமான துரு என்றால் 1000 நம்பர் எமரி ஷீட்டைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். நகம் மாட்டுகிற அளவு குழி விழுந்திருந்தால் பின்னை மாற்ற வேண்டும். உறையில் பொத்தலோ வெடிப்போ இருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்தச் சின்ன ரப்பர் கிழிந்துதான் பெரும்பாலும் கதையே ஆரம்பிக்கிறது.

கிரீஸ் விஷயத்தில் கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும். பின் ஒன்றுக்குப் பட்டாணி அளவு சிலிக்கான் கிரீஸ், மெல்லிய படலமாக. துளை நிறைய அடைத்தால், பின் உள்ளே போகும்போது கிரீஸும் காற்றும் போக இடமில்லாமல் பம்பு போல வேலை செய்து கேலிப்பரை வெளியே தள்ளும். பிறகு “கிரீஸ் வெச்சும் பிடிக்குதே” என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். பின்னைச் செருகும்போது உறையின் உதட்டை விரலால் சற்று விலக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸ், வாசலின், எஞ்சின் ஆயில் எதுவும் இங்கே கூடாது. காரணம் முன்பே சொன்னதுதான், ரப்பர் ஊதிப் பின்னைக் கவ்விக்கொள்ளும்.

அடுத்தது பிஸ்டன். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. புதுப் பேட் மாட்டும்போது இடம் போதவில்லை என்று ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி, அழுக்கோடு பிஸ்டனை உள்ளே தள்ளிவிடுவார்கள். வெளியே காய்ந்திருந்த மண்ணும் துருவும் நேராக டஸ்ட் சீலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். பேட் மாற்றி ஆறு மாதத்தில் கேலிப்பர் ஜாம் ஆகிற வண்டிகளில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முறை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் வெளியே கொண்டுவா, சுத்தம் செய், பிறகு தள்ளு.

பேட் இருந்த இடத்தில் மரச் சட்டத்தை வைத்துவிட்டு லெவரை மெதுவாக அழுத்துங்கள். பிஸ்டன் 5 முதல் 8 மி.மீ. வெளியே வந்தால் போதும். இரண்டில் ஒன்று மட்டும் வேகமாக ஓடிவந்தால் அதைச் சி-கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட்டு, சோம்பேறியை வரவழையுங்கள். வெளியே தெரிகிற பகுதியைச் சோப்புத் தண்ணீரும் டூத் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துவிட்டு, பிரஷ் எட்டாத பின்பக்கத்துக்கு ஷூ லேஸைச் சுற்றிவிட்டு இரு முனையையும் மாற்றி மாற்றி இழுங்கள், தயிர் கடைகிற மாதிரி. கறை போகாவிட்டால் லேஸில் பித்தளை பாலிஷ் துளி தடவலாம், பிறகு முழுக்கக் கழுவிவிட வேண்டும். பிஸ்டன் மேல் எமரி ஷீட் வேண்டாம்; மேற்பூச்சில் விழுகிற கீறல் ஒவ்வொன்றும் சீலை அறுக்கிற கத்தி.

சுத்தமானதும் விரலில் புது பிரேக் ஆயில் தொட்டு பிஸ்டனைச் சுற்றித் தடவி, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து வைத்து, இரண்டு கட்டைவிரலால் நேராக உள்ளே அழுத்துங்கள். நிப்பிளைத் திறக்கச் சொல்வதற்குக் காரணம், கேலிப்பர் அடியில் தேங்கிய கறுத்த ஆயில் ஏபிஎஸ் யூனிட் பக்கம் ஏறாமல் வெளியே போகட்டும் என்பதுதான். பிஸ்டன் முழுவதும் உள்ளே போனதும், விரலை எடுக்குமுன் நிப்பிளை மூடிவிடுங்கள். வெளியே, உள்ளே என்று இதை மூன்று நான்கு முறை செய்தால் பல பிஸ்டன்கள் வழிக்கு வந்துவிடும். கட்டைவிரலுக்கு மசியாமல் கிளாம்ப் கேட்கிற பிஸ்டனுக்கு அடுத்த சுற்றுதான் வைத்தியம்.

இரண்டாம் சுற்று: சீல் வரைக்கும்

இதை அடைமழை நாளில் செய்யாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற பொருள். வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள், வேலூரில் அதற்குப் பஞ்சமில்லை.

பிஸ்டனை முழுவதும் வெளியே எடுக்க வண்டியின் லெவரைவிட நல்ல கருவி இல்லை. ஆகையால் லைனைக் கழற்றுவதற்கு முன்பே லெவரை அழுத்தி இரண்டு பிஸ்டனையும் விழும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆயில் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். அதன்பிறகு பாஞ்சோ போல்ட்டைக் கழற்றி, ஹோஸ் முனையை உயர்த்திப் பிடித்து பாலிதீன் பையால் கட்டுங்கள். லைன் கழன்ற பிறகு லெவரைத் தொடக் கூடாது, டப்பாவைக் காலியாக விடவும் கூடாது. காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் ஏறிவிட்டால் சில வண்டிகளில் ஸ்கேனர் மாட்டினால்தான் அது வெளியே வரும். கம்ப்ரஸர் ஏர் விட்டு பிஸ்டனைத் தள்ளுவது மெக்கானிக் கடைகளில் பார்க்கிற காட்சிதான், ஆனால் அந்த பிஸ்டன் குண்டு போல் பாயும். எதிரில் இருக்கிற விரல் நசுங்கும்.

குழிக்குள் இரண்டு பள்ளம் தெரியும். உள்ளே இருக்கிற தடித்த ரப்பர் ஆயில் சீல், வெளியே இருக்கிற மெல்லியது டஸ்ட் சீல். இரண்டையும் பல் குத்தும் குச்சியால் கிளப்பி எடுங்கள். ஸ்குரூ டிரைவர் முனை சுவரில் ஒரு கோடு போட்டால் அங்கே ஆயில் கசியும். இனிதான் மொத்த வேலையின் உயிர்நாடி: அந்தப் பள்ளம். அடியில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக, கெட்டியாக ஒட்டியிருக்கும். மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி, பிரேக் கிளீனர் அடித்து அடித்துச் சுரண்டுங்கள். பள்ளத்தின் நாலு மூலையும் கூர்மையாகத் தெரிய வேண்டும். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். இதைச் செய்யாமல் புது சீல் போட்டால் பழைய பிடிப்பு அப்படியே தொடரும், ஏனென்றால் பிடித்தது சீல் அல்ல, பின்னாலிருந்து அதை நெருக்கிய வெள்ளைத் துருதான்.

பிஸ்டனை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஆயில் சீல் உரசுகிற பகுதியில் குழியோ மேற்பூச்சு உரிதலோ இருந்தால் மாற்றுங்கள். பேட் பக்கத்து விளிம்பில் மட்டும் என்றால் பெரிய பாதகமில்லை.

புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து விரலாலேயே பள்ளத்தில் அமர்த்துங்கள். முறுக்கிக்கொள்ளாமல் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்ததா என்று விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். பிஸ்டனையும் ஆயிலில் நனைத்து, குழியின் வாயில் நேராக வைத்து அழுத்தினால் ஒரு வழுக்கலோடு உள்ளே போகும். சாய்ந்து இறுகினால் பலம் காட்டாமல் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். சுத்தியல் இந்த வேலைக்கு இல்லை.

பாஞ்சோ போல்ட்டுக்கு ஹோஸின் இரு பக்கமும் புதுக் காப்பர் வாஷர். பழையது ஒருமுறை நசுங்கிய வாஷர், மறுபடி சரியாக அடைக்கும் என்று நம்ப முடியாது. இறுக்கம் பொதுவாக 25 முதல் 35 நியூட்டன் மீட்டர். கேலிப்பர் மவுண்டிங் போல்ட் 8 மி.மீ. என்றால் 25 முதல் 30, 10 மி.மீ. என்றால் 35 முதல் 45. பேட் பின் 15 முதல் 20. நிப்பிளுக்கு 5 முதல் 8 மட்டுமே. அது உள்ளே துளை போட்ட மெல்லிய குழாய், ஆத்திரத்தில் திருப்பினால் ஒடியும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

காற்றை வெளியேற்றுவது

காலிக் கேலிப்பரை லெவர் அடித்து நிரப்புவது அலுப்பான வேலை. சிரிஞ்சில் புது ஆயில் எடுத்து, டியூப் வழியாக நிப்பிளில் கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்றினால் காற்று தானே மேலே போய்விடும். மேலே டப்பா வழிகிறதா என்று ஒரு கண் வையுங்கள். அதன்பிறகு வழக்கமான முறை: லெவரை அழுத்திப் பிடி, நிப்பிளைக் கால் சுற்றுத் திற, ஆயில் ஓடட்டும், நிப்பிளை மூடு, பிறகுதான் லெவரை விடு. வரிசை மாறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். டப்பாவில் கீழ்க்கோட்டுக்குக் கீழே ஆயில் இறங்கவே கூடாது. இடையிடையே கேலிப்பரையும் ஹோஸையும் ஸ்பேனர் பிடியால் தட்டினால் ஒட்டியிருக்கும் குமிழ்கள் கிளம்பும். தேன் நிறம் மாறித் தெளிந்த ஆயில், குமிழ் இல்லாமல், பத்து முறை தொடர்ந்து வந்தால் போதும்.

அப்படியும் லெவர் கொஞ்சம் ஸ்பாஞ்ச் போல் இருந்தால், சைக்கிள் டியூப் துண்டால் லெவரை ஹேண்டில்பாரோடு இழுத்துக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பெரும்பாலும் இறுகியிருக்கும்.

நிப்பிள் திறக்கவே மறுத்தால் பலவந்தம் வேண்டாம். முதல் நாளே துரு இளக்கும் ஆயில் ஒரு துளி மரைப் பக்கம் மட்டும் விட்டு, மறுநாள் முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, பிறகு லூஸ் செய்யுங்கள். அதன் ரப்பர் மூடி தொலைந்துபோனதால்தான் மண் அடைத்துத் துருப்பிடிக்கிறது. மூடி வாங்கிப் போடுங்கள்.

பேட், டிஸ்க், ஏலகிரி

பேடின் லைனிங் (உரசுகிற பகுதி) 1.5 மி.மீ.-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட் மாற்றுங்கள், ஜோடியாகத்தான். தடிமன் இருந்தும் முகம் கண்ணாடி போல் மின்னினால் அது சூட்டில் இறுகிய பேட். தட்டையான டைல்ஸ் மேல் 120 நம்பர் எமரி ஷீட்டை வைத்து, நனைத்து, எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்து மினுமினுப்பை எடுக்கலாம். பிரேக் ஆயிலோ கிரீஸோ குடித்த பேட் குப்பைக்கு. அடுப்பில் காட்டி ஆயிலை எரிப்பது என்பதெல்லாம் வேண்டாத வித்தை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க் மேலேயே பொறித்திருக்கும், வெர்னியர் வைத்து ஒப்பிடுங்கள்.

ஏலகிரி இறங்கிய பிறகு ஆரம்பித்ததாகச் சொன்னீர்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் லெவரை விடாமல் பிடித்து இறங்கினால், ஏற்கெனவே பாதி இறுகிய கேலிப்பருக்கு அது கடைசி அடி. நான்கு வருடம் மாற்றாத ஆயில் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கலாம். டாட் 3 என்றால் 205, 140. கொதித்தால் லைனில் ஆவிக் குமிழ், லெவர் ஹேண்டில் வரை போகும், பிரேக் இருக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது இதனால்தான். மலையில் இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தி விடுங்கள், தேய்த்துக்கொண்டே வராதீர்கள்.

மாட்டியபின்

பேட் ஸ்பிரிங் படத்தில் பார்த்தபடி உட்கார்ந்ததா பாருங்கள். தலைகீழாகப் போனால் கீச்சிடும். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள். வண்டியை ஓர் அடி நகர்த்துவதற்கு முன்பே லெவரை இறுகும் வரை அடியுங்கள். பிஸ்டன்கள் உள்ளே தள்ளிய நிலையில் இருப்பதால் முதல் நாலைந்து அழுத்தத்துக்கு லெவர் ஹேண்டில் வரை போகும். இதை மறந்து தெருவில் இறங்கி, முதல் முக்கிலேயே எதிர்வீட்டுச் சுவரில் போய் நிற்பவர்கள் உண்டு. புதுப் பேட் என்றால் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 5 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்துப் பன்னிரண்டு முறை பிடித்துப் பழக்குங்கள், இடையில் ஆறவிட்டு.

ஆயில் டப்பாவை மேல்கோடு வரை நிரப்பும் ஆசை வேண்டாம், பழைய பேட் இருக்கும்போது குறிப்பாக. பிறகு பேட் மாற்றும்போது வழியும். தளும்ப நிரம்பிய டப்பாவில் சூட்டில் விரிகிற ஆயிலுக்கு இடமில்லாமல் பிரேக் தானே பிடிக்கவும் கூடும்.

எல்லாம் செய்தும் லெவர் மெத்தென்றால் காற்று. லெவர் இறுக்கமாக இருந்தும் சக்கரம் பிடித்தால் ஸ்லைடு பின்னில் கிரீஸ் அதிகம் அல்லது டஸ்ட் சீல் முறுக்கிக்கொண்டது. பிரேக் பிடிக்கும்போது லெவர் விரலில் துடித்தால் டிஸ்க் கோணல், அதைக் கேலிப்பரில் தேடாதீர்கள்.

மெக்கானிக் சொன்னபடி முழுக் கேலிப்பர் வாங்க வேண்டிய நேரம் எது என்றால்: பிஸ்டன் ஓடுகிற குழியின் சுவரில் அரிப்புக் குழி விழுந்திருந்தால், நிப்பிள் ஒடிந்து மரை போயிருந்தால், ஸ்லைடு பின் துளை நீளவாக்கில் தேய்ந்து பின் ஆடினால். இந்த மூன்றும் இல்லையென்றால் சீல் செட், இரண்டு வாஷர், ஒரு பாட்டில் ஆயிலோடு உங்கள் பழைய கேலிப்பர் ஓடும். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பாஞ்சோ போல்ட்டைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை.